வானம் தெரிகிற குளிர்

"கையக் காட்டு. கட்டை விரலால சுண்டு விரலத் தொடு. ம்ம்... போ உள்ள. அடுத்தவன் வா."

குளிர்பதனக் கிடங்கின் கதவை மறித்துக்கொண்டு மைனஸ் அக்கா ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிறார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சரக்கு இறக்க வந்த லாரிக்காரர்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அக்காவின் தலையில் மட்டும் காது மறைய இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா. உள்ளே போனவர்கள் வெளியே வரும்போதும் இதே சோதனைதான். கட்டை விரல் சுண்டு விரலைத் தொட மறுத்தால், குளிர் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அன்றைக்கு அந்த ஆளுக்கு உள்ளே வேலை கிடையாது. சுடுநீர்க் குவளையோடு மூலையில் உட்கார வேண்டியதுதான். முதலாளியின் மாப்பிள்ளை ஒருமுறை, "என்னைத் தெரியலையா?" என்று மிடுக்காகக் கேட்டாராம். "உங்களத் தெரியுது சார். உங்க விரலத்தான் தெரியல, காட்டுங்க" என்றாராம் அக்கா.

மைனஸ் அக்கா என்பது கிடங்கு வைத்த பெயர். அவருடைய அறையின் வாசலில் மைனஸ் பதினெட்டு என்று சிவப்பு எழுத்து எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த அறைக்கு அவர்தான் மேற்பார்வையாளர். உறைந்த பட்டாணி, மீன், ஐஸ்கிரீம் என்று எது வந்தாலும் அவர் கை காட்டிய இடத்தில்தான் உட்காரும். வாயைத் திறந்தால் உடம்புச் சூடு வீணாகும் என்று உள்ளே அவர் அதிகம் பேச மாட்டார். அந்தக் கணக்கையெல்லாம் வெளியே வந்து எங்களிடம் தீர்த்துக்கொள்வார்.

நான் அங்கே பில் போடுகிறவன். அக்கா என்னைக் கூப்பிடுவது 'கணக்கு' என்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மதிய இடைவேளையில் பெட்டிகளைச் சரிபார்க்கத் தனியாக உள்ளே போனேன். பட்டாணி வரிசையின் கடைசியில், பெட்டி அடுக்கும் மரத்தட்டின் மேல் ஆள் நீளத்துக்கு ஒரு சிவப்புப் பை கிடந்தது. வாய் சுருக்கிக் கட்டியிருந்தது. உள்ளே இருப்பது ஆள்தான் என்பது அதன் வடிவத்திலேயே தெரிந்தது. யாரையோ கொன்று போட்டிருக்கிறார்கள், போலீஸ் முதலில் என்னைத்தான் பிடிக்கும் என்கிற வரைக்கும் மனம் ஓடிவிட்டது. போட்ட அலறலில் எனக்கே காது அடைத்தது.

பை பேசியது. "கதவச் சாத்திட்டுக் கத்து. பட்டாணி உருகிடும்."

சுருக்குக் கயிறு தளர்ந்து முதலில் குல்லா வந்தது, பிறகு அக்கா வந்தார். "பேயப் பாத்த மாதிரி நிக்காத கணக்கு. மலைக்குப் போறேன். இந்த ஸ்லீப்பிங் பேக் குளிரு தாங்குமான்னு பாக்குறேன். கடைக்காரன் தாங்கும்னு சத்தியம் பண்றான். அவன் என்னைக்கு மைனஸ்ல படுத்தான்?"

எந்த மலை என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் வெளியே கிடந்த காலி மீன் பெட்டிகளின் மேல் ஒரு பெரிய வரைபடம் விரிக்கப்பட்டது. கடைசிப் பேருந்து நிற்கிற ஊரிலிருந்து காட்டுக்குள் நடை. காடு முடிந்தால் பாறைச் சரிவு. சரிவு முடிந்தால் பனியாறு. அது ஓடுகிற ஆறில்லை, காலங்காலமாக மலைமேல் கிடந்து இறுகிய பனிக்கட்டி. மேலே மெத்தையாகத் தெரியும். அடியில் ஆளை அப்படியே விழுங்குகிற வெடிப்புகள் இருக்கும். அதன் மேல் தனியாக நடக்கக் கூடாது. ஒரே கயிற்றில் இரண்டு பேர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஒருவர் விழுந்தால் மற்றவர் தரையோடு தரையாகப் படுத்துப் பிடிக்க வேண்டும். அதற்கும் அப்பால் சிகரம். போய்வர ஒரு வாரத்துக்கு மேலாகும். வழியில் கடை இல்லை, சுமை தூக்க ஆள் இல்லை, போன் எடுக்காது.

"கயித்தோட அந்த முனையில யாருக்கா?"

"இதென்ன கேள்வி? எங்க வீட்டுக்காரருதான்."

மீன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். எங்கள் பகுதிப் பிள்ளைகள், என் மகள் உட்பட, அவர் வண்டியில்தான் போகிறார்கள். டிரைவர் அண்ணன் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். குண்டான மனிதர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், பேருந்திலிருந்து இறங்கினால் அடுத்து எங்கே உட்காரலாம் என்று பார்க்கிறவர். அவர் பனிமலை ஏறப் போகிறார் என்பதை என் மனைவியிடம் சொன்னபோது, அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு?" என்று மூன்று தடவை கேட்டாள்.

"இந்த வயசில் ஏன் அக்கா இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்டார்கள். அக்கா கோபப்படவில்லை.

"இருவத்தஞ்சு வருசமா குளிருக்குள்ளதான் நிக்கிறேன் கணக்கு. மேல பாத்தா டியூப்லைட்டு. பக்கத்துல பாத்தா பட்டாணி. ஒரே ஒரு தடவை, வானம் தெரியுற குளிர்ல நிக்கணும். அவ்ளோதான்."

இதைச் சொல்லும்போது குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதன் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆனால் அதிர்ச்சிகள் ஓயவில்லை. பையில் போகிற ஒவ்வொரு பொருளும் எங்கள் தராசில் ஏறி இறங்கியது. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் வெட்டினார். துண்டை இரண்டாகக் கிழித்தார். சட்டைகளிலிருந்த துணி லேபிள்களை எல்லாம் பிளேடால் அறுத்தெடுத்தார். ஒரு நாள் கணவனும் மனைவியும் ஒரு சீப்புக்காகச் சண்டை போட்டதை நான் பார்த்தேன்.

"தலையில முடியே இல்ல. சீப்பு எதுக்குங்க?"

"மீசைக்கு."

"அங்க உங்க மீசைய யாரு பாக்கப் போறா?"

"நீ பாக்க மாட்டியா?"

அக்கா சீப்பைத் தராசில் வைத்தார். கடைசியில் பாதிச் சீப்புக்கு உடன்பாடு ஆனது.

இன்னொரு நாள் காலையில் கன்னம் வீங்கி வந்தார். யாரோ அடித்துவிட்டார்கள் என்று பதறினோம். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வலித்த பல்கூட இல்லை. "வலிக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அங்க போய் வலிச்சா யாரு புடுங்குறது, ஆட்டுக்குட்டியா? அதான் இப்பவே வேலைய முடிச்சிட்டேன்." வாயில் பஞ்சோடு இதைச் சொல்லிவிட்டு விரல் சோதனைக்குப் போய்விட்டார். வலி வரலாம் என்பதற்காகவே ஒரு பல்லைப் பறிகொடுத்த மனுஷியை நான் அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை.

அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிப்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. பள்ளி விட்டு அண்ணன் வந்ததும் இருவரும் முதுகில் பெரிய பை சுமந்து படியில் ஏறி இறங்குவார்கள். பைக்குள் தண்ணீர் பாட்டில்கள். கீழ்வீட்டு அம்மா என் மனைவியிடம் இப்படிச் சொன்னாராம்: "தினமும் சாயங்காலமானா அந்தம்மா மூட்டையக் கட்டிக்கிட்டுக் கோவிச்சுட்டுக் கெளம்புது. அவரும் பின்னாலயே மூட்டையோட ஓடுறாரு. கொஞ்ச நேரத்துல சமாதானமாகி ரெண்டு பேரும் மேல ஏறிடறாங்க. பாவம், என்ன பிரச்சினையோ!"

சுடுநீர் ஊற்றினால் சோறாகிற உலர் பொட்டலங்களை ஒரு வாரம் வீட்டில் தின்று பார்த்தார்கள். அண்ணன் இளைத்தார். வரைபடத்தில் கோடுகள் நெருங்கி நெருங்கி இருந்தால் செங்குத்து என்று அக்கா சொல்லிக்கொடுத்தபோது, "என் ரூட்டுல இப்படி ஒரு எடம் இருந்தா அன்னைக்கே சாவியக் குடுத்துட்டு வந்துடுவேன்" என்றார். ஆனாலும் முடியாது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மனைவி ஆசைப்பட்டுவிட்டார் என்பதற்காக அந்தக் கனத்த உடம்பை அவர் படி படியாக இழுத்துக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

பிறகுதான் எல்லோரையும் வாய் பிளக்க வைத்த அந்த விஷயம் நடந்தது. விடுமுறை நாள்களில் குளிர் அறைக்குள்ளேயே கூடாரம் அடித்துப் பழக மேலாளர் அனுமதி கொடுத்தார். ஒரே நிபந்தனை, கதவின் கண்ணாடி வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான். முதல் தடவை அண்ணன் நடுங்கிய நடுக்கத்தில் கூடாரமே ஆடியது. மூக்கு சிவந்தது, கை மரத்தது. ஆனால் வெளியே வந்து அக்கா, "கால் எப்படி?" என்று கேட்டபோது, "காலா? கால் குளிரவே இல்லையே" என்றார்.

எங்கள் ஆட்களால் நம்ப முடியவில்லை. உள்ளே நின்றால் முதலில் போவது கால்தான். தடித்த பூட்ஸைத் தாண்டித் தரையின் குளிர் எலும்பில் ஏறும். பழம் தின்று கொட்டை போட்டவர்களே அரை மணியில் காலை மாற்றி மாற்றி வைத்து ஆடுவார்கள். அண்ணன் மெல்லிய காலுறையோடு நின்று காட்டினார். ஒருமுறை வெறுங்காலோடு நிற்கட்டுமா என்று கேட்டு அக்காவிடம் திட்டு வாங்கினார். அன்றிலிருந்து அவருக்குப் பனிக்கரடி என்று பெயர் வைத்தார்கள்.

அக்கா அடைந்த பெருமையைச் சொல்லி மாளாது. "பாத்தியா கணக்கு! எனக்கே கால் கடுக்குது. இவரு பொறக்க வேண்டியது மலையில, தப்பிப் போய் பஸ்ஸுல பொறந்துட்டாரு" என்பார். திட்டத்தையே மாற்றினார். அதுவரை கயிற்றில் முன்னால் போவதாக இருந்தவர் அக்கா. இனி அண்ணன் முன்னால் போய்ப் பனியை மிதித்து வழி போடுவார், ஓடைகளில் முதலில் இறங்குவார். எடை குறையட்டும் என்று அவருக்கு மெல்லிய பூட்ஸ் வாங்கினார். அண்ணனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். வாழ்க்கையில் ஒரு விஷயத்திலாவது மனைவியை மிஞ்சிவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

புறப்பட இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. கடைசி ஒத்திகை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவரும் உள்ளேயிருந்து வந்தார்கள். கை விரல்கள் சரியாக இருந்தன. அண்ணன் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு உடைமாற்றும் அறைக்கும் பின்கட்டுக்கும் நடந்து எல்லோருக்கும் சுடுநீர் கொண்டுவந்து கொடுத்தார். பின்கட்டில் உடைந்த மரத்தட்டுகளைக் குவித்து வைத்திருப்போம். எனக்குக் குவளையை நீட்டியபோதுதான் தரையைக் கவனித்தேன். அறையின் குறுக்கே சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை.

"அண்ணே, ரத்தம்" என்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "அடப்பாவமே, யாருக்கோ அடிபட்டிருக்கே! யாருப்பா அது?" என்று கேட்டபடி, உதவி செய்யப் போகிறவரைப் போல வேகமாக அந்தப் பொட்டுகளின் பின்னாலேயே போனார். அவர் போகப் போகப் புதிய பொட்டுகள் விழுந்தன.

அக்காதான் அவர் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். மரத்தட்டு ஆணி ஒன்று காலுறையோடு சேர்ந்து பாதத்துக்குள் தலைவரை இறங்கியிருந்தது.

"அட, எனக்குத்தானா?" என்று அண்ணன் சிரித்தார். "வலிக்கவே இல்லையே. பாத்தீங்களா, இரும்புக் காலு!"

அக்கா ஆணியைப் பிடுங்கினார். அண்ணன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அவர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா காலுறையை உருவிப் போட்டுவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க." மூடினார். அக்கா அவருடைய கால் கட்டை விரலைப் பிடித்து நகம் பதிய அழுத்தினார். "இப்ப எந்த விரலத் தொடுறேன்?"

"தொட்டாத்தானே சொல்றதுக்கு?" என்றார் அண்ணன், கண்ணை மூடியபடி. "சீக்கிரம் தொடும்மா, எல்லாரும் பாக்குறாங்க, கூச்சமா இருக்கு."

அக்காவின் நகத்தடியில் தோல் வெளுத்துப் போயிருந்தது. இன்னொரு விரலைப் பிடித்தார். அதற்கும் பதில் இல்லை. அடுத்த காலுக்கும் அதே கதி. அண்ணன் மெல்லக் கண்ணைத் திறந்தார். தன் கால் மனைவியின் பிடியில் இருப்பதைப் பார்த்தார். சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"எவ்ளோ நாளா?"

"தெரியலம்மா. மொதல்ல மரத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதுவும் போயிடுச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"சர்க்கரை டாக்டரு கால் எப்படின்னு கேக்கலையா?"

"கேட்டாரு. நல்லாருக்குன்னேன். வலியே இல்லாதப்போ வேற என்ன சொல்றது?"

அக்கா அவருடைய வலது பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு அவர் கேட்டது எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி.

"பிரேக்க எப்படி மிதிக்கிறீங்க?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். "வண்டி முன்னால அழுந்தும்ல, அதுல தெரியும்."

"அது மிதிச்ச பெறகு. கால் பெடல் மேல இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அண்ணன் கீழே கிடந்த காலுறையைக் குனிந்து எடுத்து மடித்தார்.

"கேக்குறேன்ல."

"குனிஞ்சு பாத்துக்குவேன்."

என் மகள் அந்தப் பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டு உட்காருகிறவள். அண்ணன் ரொம்ப நல்லா ஓட்டுவாருப்பா என்று என்னிடம் சொல்கிறவள். எனக்கு அந்த மனிதரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று கோபம் பொங்கியது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

"பல்லப் பாத்தேன்" என்றார் அக்கா, யாரிடம் என்றில்லாமல். "சட்டை லேபிளக்கூட பாத்தேன். தினமும் ஊர்ல உள்ளவன் கையெல்லாம் பாக்குறேன். உங்க கால ஒரு தடவ பாக்கலையேங்க. குளிரலன்னு சொன்னப்போ பூரிச்சுப் போயிட்டேனே. குளிரலன்னு எவனாச்சும் இந்தக் கதவுல வந்து சொல்லியிருந்தா மொதல்ல வெளிய தள்ளியிருப்பேனே. உங்களக் கயித்துல முன்னால விட்டேனே!"

"சரி விடும்மா. டாக்டரப் பாத்துட்டு அடுத்த வருசம்..."

"மலை முடிஞ்சுதுங்க." குரல் உயரவில்லை. இருபத்தைந்து வருட ஆசையை அவர் அவ்வளவு சின்ன வாக்கியத்தில் முடித்துவிட்டார். "மலைய விடுங்க. இப்ப ஸ்கூலுக்குப் போன் போடுங்க."

அண்ணன் கலங்கிவிட்டார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிடறேன். பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். அது என் வேலைம்மா. அதையும் புடுங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அக்கா முதலுதவிப் பெட்டியை இழுத்து, காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். ஒவ்வொரு சுற்றையும் நிதானமாகச் சுற்றினார். அவர் கட்டி முடிக்கும்வரை அண்ணன் கெஞ்சிக்கொண்டே இருந்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் யாருடைய அப்பா என்பது அந்த நொடியில் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சார், டிரைவர் பேசறேன் சார். ஞாயித்துக்கிழமைல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்க. நாளைக்கு வண்டிக்கு வேற ஆள் போட்டுடுங்க சார். இல்ல சார், நாளைக்கு மட்டும் இல்ல..."

கீழே தரையில் உட்கார்ந்திருந்த அக்கா கட்டுப் போட்ட அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டார். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். தன் கால் யார் மடியில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. அக்கா இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.